நாலாம் இடத்துச் சேறு

முகத்துவாரத்துச் சேற்றைச் சலித்து, அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை எண்ணுவதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் சேத்தக்கா. மணலைவிடச் சிறிய, ஓடு போர்த்திய உயிர்கள் அவை. சேற்றில் சாயம் கலந்து வைத்தால் உயிரோடிருந்தவை மட்டும் ரோஜா நிறமாகும். செத்தவை வெளுத்தே கிடக்கும். எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவாள்.

ஆறு இடங்களில் சேறு எடுப்பார்கள். நாலாம் இடத்தில்தான் தொழிற்சாலையின் சுடுதண்ணீர்க் குழாய் வந்து விழுகிறது. முன்பெல்லாம் அங்கே ஒரு தட்டுக்கு இருநூறு தேறும். அந்தக் கோடையில் பதினொன்று. அவற்றிலும் ஏழுக்கு ஓடு கோணியிருந்தது. மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் எழுதினாள்.

சோதனைக்கூட மேலாளர் கூப்பிட்டார். “மழை இல்ல, உப்பு ஏறிடுச்சுன்னு அறிக்கைல ஒரு வரி சேத்துடுங்க.”

“உப்பு ஏறினா ஆறு இடத்துலயும் ஏறணுமே சார். நாலாவது இடத்துக்கு மட்டும் விலாசம் விசாரிச்சுக்கிட்டா வந்துச்சு?”

“பூச்சி செத்ததுக்கு யாரும்மா அழப்போறாங்க?”

“அதைத் தின்னு புழு, புழுவைத் தின்னு இறால். மத்தியானம் டப்பால கொண்டு வந்தீங்களே, அந்த இறால்தான்.”

அறிக்கை வெளியானபோது, அவள் கைப்பட எழுதிய தாளின் நகலும் அதில் இருந்தது. பதினொன்றுக்கு முன்னால் இன்னொரு ஒன்று முளைத்து, நூற்றுப் பதினொன்றாகியிருந்தது. கீழே அவள் கையெழுத்து. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தம்பி அந்தத் தொழிற்சாலையில் பம்பு ஓட்டுகிறவன். நேரே அவன் வீட்டுக்குப் போனாள்.

“அக்கா, உன் பூச்சிக்காக என் வயித்துல அடிச்சிடாதே.”

“உன்னை யாருடா வேலையை விடச் சொன்னா? தண்ணிய ஆற வெச்சு விடுங்கன்னுதானே சொல்றேன்!”

“எங்க ஆற வெக்கறது? ஆற வெக்கற தொட்டி ரெண்டு வருஷமா உடைஞ்சு கிடக்கு!” சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்த அறிக்கை மேல் நடந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நுண்ணோக்கியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். கூட்டம் நடத்திய அதிகாரியின் மேசையில் நங்கென்று வைத்து, நாலாம் இடத்துத் தட்டை அதில் பொருத்தினாள். “ரோஜாக் கலர்ல இருக்கறதை மட்டும் எண்ணுங்க சார். வாய்விட்டு எண்ணுங்க.”

அவர் குனிந்து எண்ணினார். “பதினொண்ணு. அறிக்கைல நூத்திப் பதினொண்ணுன்னு இருக்கே?”

“முன்னாடி நிக்கற ஒண்ணு நான் போட்டதில்ல. யாரு போட்டதுன்னு அவரைக் கேளுங்க.” மேலாளர் கைபேசியைத் துழாவினார். அவள் தொழிற்சாலைப் பொறியாளர் பக்கம் திரும்பினாள். “ஆற வெக்கற தொட்டி ஓடுதா சார்? ஆமாவா, இல்லையா?”

அவர் தண்ணீர் குடித்தார். “இல்லைன்னு எழுதிக்குங்க சார்” என்றாள் அதிகாரியிடம்.

நாலு மாதத்தில் தொட்டியைச் சரிசெய்தார்கள். மேலாளரை இதைவிடப் பெரிய அலுவலகத்துக்கு மாற்றினார்கள், தண்டனையாம்! தம்பியைப் பம்பிலிருந்து எடுத்து வாசல் காவலில் நிறுத்தினார்கள். அவன் அவளோடு பேச்சை விட்டான்.

அடுத்த கோடையில் எண்ணிக்கை எழுதிய அன்றே அவள் தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். சீருடையில் நின்றிருந்தான்.

“யார்டா உன்னை இங்க நிறுத்தினது? பேரைச் சொல்லு, போய்க் கேக்கறேன்.”

“கத்தாதக்கா.” லாரிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு வந்தான். பிறகு எங்கோ பார்த்தபடி கேட்டான். “இப்ப எத்தனை இருக்கு?”

“அறுபத்து மூணு.”

“நல்லா இருக்கா?”

“பாதி இன்னும் கோணல்தான்.”

அவன் தலையாட்டினான். கோபம் ஆறாமலே அவள் பஸ் ஏறினாள்.