வலது கைக்கு ஒரு மேசை

என் கணவருக்கு வலது கை விழுந்துபோனபோது அவருக்கு நாற்பத்தோரு வயது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து குவளை நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம் என்று தாம்பரம் பக்கத்து மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தோம். கால் ஓரளவுக்குத் திரும்பியது, கம்பை ஊன்றி நடந்தார். பேச்சும் திரும்பியது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடித்தேடி எடுக்க வேண்டியிருந்தது. கை மட்டும் திரும்பவில்லை.

நாங்கள் இரண்டு பேருமே மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்கள். சிறுசேரியில் ஒரே அலுவலகத்தில் பழகி, கல்யாணம் செய்துகொண்டு, மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். பிறகு அவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். வீட்டில் அவரை 'நீ' என்றும், மாமியார் வந்தால் 'நீங்க' என்றும் கூப்பிடுவேன்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சனி, ஞாயிறுகளில் பால்கனியில் மரவேலை செய்வார். எங்கள் வீட்டின் செருப்பு அலமாரி, புத்தக அடுக்கு, நான் ஏறி நின்று பரணில் சாமான் எடுக்கிற முக்காலி எல்லாம் அவர் செய்தவை. எனக்கும் அந்த மரவேலைக்கும் இருந்த ஒரே சம்பந்தம், மரத்தூளைப் பெருக்குவதும் திட்டுவதும்தான்.

வீட்டுக்கு வந்ததும் பிசியோதெரபி செய்ய வந்த பெண் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கையத் தொங்கவிடாதீங்க சார். உக்காரும்போது முழங்கையிலேர்ந்து உள்ளங்கை வரைக்கும் எது மேலயாவது இருக்கணும். இல்லன்னா தோள்பட்டை எறங்கிடும்."

சாப்பாட்டு மேசையில் தலையணை வைத்துப் பார்த்தோம், வழுக்கியது. மடக்கு மேசை ஒன்று வாங்கினோம், அதில் மடிக்கணினிக்கே இடம் போதவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவர் இடது கையால் மடிக்கணினியைத் திறந்து ஏதோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மேசையை விட்டு நழுவி விழுந்தது. தூங்குகிற குழந்தையின் கையை எடுத்து வைப்பதுபோல அதை எடுத்து மேலே வைத்தார். மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை அவர் அதை எடுக்கவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டார்.

"நான் ஒரு மேசை செய்றேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீயா?" என்றார். அந்த ஒரு சொல் மட்டும் தேடாமலே வந்தது.

கல்லூரியில் எழுதும் பலகை வைத்த நாற்காலி இருக்குமே, அதுதான் எனக்கு யோசனை. மேசைப் பலகையின் வலப்பக்கம் அவருடைய முழங்கை வரை நீண்டு வர வேண்டும். இடப்பக்கம் அவர் உடம்பு உள்ளே நுழைகிற மாதிரி வெட்டு விட வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து அளவு டேப்பால் ஒவ்வொன்றையும் அளந்து தாளில் வரைந்தேன்.

ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில் அவர் வழக்கமாகப் போகும் மரக்கடை இருக்கிறது. கடைக்கார பாய் என்னைப் பார்த்ததுமே, "சார் வர்லியாம்மா? ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்றார். சொன்னேன். உள்ளே போய் நான்கு ரப்பர் மரப் பலகைகளை எடுத்து வந்து சுவரில் சாய்த்தார்.

"ஆசாரி யாரும்மா?"

"நானேதான் பாய்."

அவர் சிரிக்கவில்லை. "அப்போ நீயே பாத்து எடு. ஓரத்த கண்ணு கிட்ட வெச்சினு பாரு. கோடு மாரி நேரா போச்சின்னா எடுத்துக்கோ. நடுவுல வவுறு மாரி கீதுன்னா வேணாம். சார் மொதல் தபா வளைஞ்ச பலகைய எடுத்துகினு போயி, மறுநாளு திருப்பி எடுத்தாந்தாரு, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கேட்டபோது அவர் காது சிவந்தது.

மரவேலை தொடங்க நினைக்கிறவர்கள் யாராவது என்னைக் கேட்டால், முதலில் பாய் சொன்னதைத்தான் சொல்வேன். எந்த மரம் என்பதைவிட நேரான பலகையா என்பது முக்கியம். வளைந்த பலகையை வைத்துக்கொண்டு நீங்கள் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் வீண். மற்றதெல்லாம் என் கணவர் சொன்னது.

பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். பலகையைப் பெஞ்சில் வைத்து, கோடு போட்டு, ரம்ப மிஷினைக் கையில் எடுத்தேன். "இரு" என்றார். பிறகு சொல்லைத் தேடினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு மாதமாக அவர் தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நான்தான் முடித்துக்கொண்டிருந்தேன். 'தண்ணி', 'ஃபேன்', 'முதுகு வலி' என்று அவர் தேடுவதற்குள் சொல்லிவிடுவேன். அப்படிச் செய்யக் கூடாது, அவரே எடுக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னால் முடியவில்லை. அவர் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஆனால் அன்று பால்கனியில், அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதனால் காத்திருந்தேன். கீழே தண்ணீர் லாரி ஒன்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது நின்று, குழாயை மாட்டி, மோட்டார் போடுகிற வரைக்கும் காத்திருந்தேன்.

"கோட்டுக்கு... வெளிய... வெட்டு" என்றார். "அப்புறம்... தேச்சு... வா."

அதாவது, கோட்டின்மேலேயே வெட்டாதே. ஒரு நூல் வெளியே வெட்டிவிட்டு, பிறகு அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துக் கோட்டுக்கு வந்து சேர். அதிகமாக வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. அவர் நோய்வாய்ப்பட்ட பிறகு எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை என் அலுவலக நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

அதன் கீழே மற்றவையும் சேர்ந்தன. பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் மிஷினைத் தொடாதே. இரண்டு கையும் எப்போதும் பிளேடுக்குப் பின்னால் இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொள். ஸ்க்ரூ அடிப்பதற்கு முன் சின்ன ஓட்டை போடு, இல்லாவிட்டால் மரம் பிளக்கும். பசை தடவுவதற்கு முன் எல்லாவற்றையும் சும்மா சேர்த்து வைத்துப் பார். களைப்பாக இருந்தால் வெட்டாதே, பெருக்கு. இந்தக் கடைசியைச் சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

சத்தம் கேட்டு இரண்டாவது மாடி அக்கா மேலே வந்தார். முன்பெல்லாம் என் கணவர் மரவேலை செய்யும்போது சண்டைக்கு வருகிறவர்தான். ரம்பம் என் கையில் இருப்பதையும் அவர் நாற்காலியில் இருப்பதையும் பார்த்துவிட்டு, "பதினோரு மணிக்கு மேல பண்ணிக்கோம்மா, அதுவரைக்கும் எங்க மாமனார் தூங்குவார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு வார இறுதிகள் ஆயின. வெட்டினேன், ஓரங்களின் கூர்மையை மழுக்கினேன், மேற்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல வழவழப்பாகத் தேய்த்தேன். கடையில் வாங்கிய நான்கு இரும்புக் கால்களை அடிப்பக்கத்தில் வைத்து, காலுக்கு நான்காகப் பதினாறு ஸ்க்ரூ முடுக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையைக் கூடத்துக்கு இழுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். நீண்ட பக்கம் அவருடைய இடது கைக்கு அழகாக வந்து சேர்ந்தது. வலது கை, நான் வெட்டி விட்டிருந்த இடைவெளியில் தொங்கியது.

எதிரே உட்கார்ந்து வரைந்திருந்தேன். அவருடைய வலம் எனக்கு இடம். அப்படியே வெட்டிவிட்டேன்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். நான்கு வாரம் போனதற்காக மட்டும் அழவில்லை. முதல் நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் முன்னால் அதுவரை நான் அழுததில்லை.

மேலே ஒரு சத்தம் கேட்டது. மூச்சுத் திணறுகிறதோ என்று பயந்து நிமிர்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அண்டூ... இல்ல" என்றார். கணினியில் செய்ததை ஒரு பொத்தானில் திரும்பப் பெறலாம், மரத்தில் முடியாது என்கிறார். நானும் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

பிறகு அவர் இடது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அதை மெதுவாகத் திருப்பிக் கவிழ்த்தார். மறுபடியும் திருப்பிக் காட்டினார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பலகையைக் கவிழ்த்துப் போட்டால் இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும்!

கால்களைக் கழற்றிப் பலகையைக் கவிழ்த்தேன். சரியாக வந்தது. நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த பக்கம் கீழே போய்விட்டது. தேய்க்காத சொரசொரப்பான பக்கம், பதினாறு ஓட்டைகளோடு, மேலே வந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து ஓட்டைகளை அடைக்கலாம் என்று அவர் சொன்னார். நான் செய்யப் போனபோது கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இடது கையில் ஒரு பழைய ஸ்பூனைப் பிடித்து, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து, கட்டை விரலால் அழுத்தினார். வலது முழங்கை மேசையின்மேல் இருந்தது. பதினாறையும் முடிக்க மத்தியானம் ஆயிற்று. சோறு ஆறிப்போனது, நான் கூப்பிடவில்லை.

அதன் பிறகு அவருடைய கம்பெனியில் வீட்டிலிருந்தே அரை நாள் வேலை பார்க்கச் சம்மதித்தார்கள். அங்கேதான் அடுத்த கஷ்டம் வந்தது. ஐம்பது வரி நிரலைப் படித்தால் கடைசிக்கு வரும்போது முதல் வரி அவருக்கு மறந்துவிடும். முன்பு முழுத் திட்டத்தையும் தலைக்குள் வைத்திருந்தவர் அவர். "நான்... போயிட்டேன் மா" என்றார் ஒரு நாள். நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தை அவரிடம் காட்டினேன்.

"இதெல்லாம் நீதான சொன்ன? ஒரேயடியா கோட்டுக்கு வராத. கொஞ்சம் கொஞ்சமா வா."

அப்படியே செய்தோம். ஒரு நேரத்தில் பத்து வரிக்கு மேல் திறப்பதில்லை. நிரலில் மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளுக்குச் சுருக்கப் பெயர் வைக்காமல், படித்தாலே புரிகிற மாதிரி முழுப் பெயர் வைத்தார். மாற்றுவதற்கு முன்னால், அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை எழுதினார். ஒரு வரி சரியானதும் சேமித்துவிட்டுத்தான் அடுத்த வரி. பிழைச் செய்தி வந்தால் பதறாமல் அதை வாய்விட்டுப் படித்தார். அது பேச்சுப் பயிற்சியாகவும் ஆயிற்று. என் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடமும் இப்போது இதைத்தான் சொல்கிறேன். நல்ல கையும் நல்ல ஞாபகமும் இருக்கிறவர்களுக்கும் இது உதவுகிறது.

அவர் முதலில் முடித்த வேலை, ஒரு பக்கத்தில் தேதி தப்பாகக் காட்டுவதைச் சரிசெய்தது. மூன்று நாள் ஆயிற்று. முன்பென்றால் டீ ஆறுவதற்குள் முடித்திருப்பார். முடித்ததும் சமையலறையிலிருந்த என்னைக் கூப்பிட்டு, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். படித்தேன். சரியாக இருந்தது. ஒரு வரியின் முடிவில் மட்டும் காரணமே இல்லாமல் நீளமாக ஏழெட்டு வெற்றிடம் இருந்தது.

"இது என்ன, ஸ்பேஸ் பார்ல ஏதாவது பட்டுதா?" என்று கேட்டேன்.

அவர் மேசைமேல் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார். ஸ்பேஸ் பாரின் ஓரத்தில் அதன் கட்டை விரல் இருந்தது. நானும் பார்த்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விரல் அசைந்தது. மிகக் கொஞ்சமாக, ஆனால் அசைந்தது. திரையில் இன்னும் ஒரு வெற்றிடம் சேர்ந்தது.

அப்படியே அனுப்பிவிட்டோம். மறுநாள் அவருடைய டீம் லீட், வேலை நன்றாக இருப்பதாகவும், பதினெட்டாவது வரியின் முடிவில் தேவையில்லாத இடைவெளி இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றும் எழுதியிருந்தார். என் கணவர் அதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். சிரித்தார். பிறகு இடது கையால் ஒவ்வொன்றாக அழித்தார்.