சத்தமாகச் சொன்ன ஜெபம்

எனக்கு வாய் சும்மா இருக்காது. மலேசியாவில், பெடாஸ் பக்கம் எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் இது எல்லாருக்கும் தெரியும். அந்த வாயால் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கெடுத்திருப்பேன்.

அவள் தமிழ்நாட்டிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவள். அவளுடைய முதலாளியம்மாதான் எங்கள் பாட்டுக்குழுவை நடத்துகிறவர். ஞாயிறு பூசைக்கு மட்டும் அவளை வெளியே கூட்டி வருவார், அதுவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள. ஒருநாள் நான் பூ ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, என் பாஸ்போர்ட்ட பூட்டி வெச்சிருக்காங்க. அவங்க வெளிய போனா என்னையும் வெச்சுப் பூட்டிருவாங்க. நான் ஊருக்குப் போகணும்க்கா."

மூன்று வருஷமாக அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவள் நான். ச்சீ என்றிருந்தது.

மறுநாளே சிரம்பானில் இப்படிப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் தரும் கன்னியர் இல்லத்துக்கு ஓடினேன். அங்கிருந்த சிஸ்டர் நிதானமாகச் சொன்னார்: "பூசையில எல்லாரும் எழுந்து நிக்கிற மன்றாட்டு நேரத்துல பின்வாசல்ல கார் நிக்கும். வர்றதும் வராததும் அந்தப் பொண்ணோட முடிவு. பாஸ்போர்ட்ட அப்புறம் முறையா கேட்டு வாங்கலாம். நீங்க மட்டும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அடுத்த ஞாயிறு அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். அதற்கடுத்த ஞாயிறு என்று முடிவானது.

இடையில் புதன்கிழமை வீட்டு ஜெபம். பயத்தை அடக்கத் தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே வேண்டிவிட்டேன்: "ஆண்டவரே, ஒரு வீட்டுல அடைபட்டுக் கெடக்குற சகோதரிக்கு இந்த ஞாயித்துக்கிழம விடுதலை குடுங்க!"

எல்லாரும் ஆமென் என்றார்கள். கண்ணைத் திறந்தால் எதிரே முதலாளியம்மாவின் அக்கா.

தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்தில் வந்தார். "எந்தச் சகோதரி லா?"

"ஜொகூர்லக்கா. டிவியில காட்டுனாங்க."

"ஓ."

அந்த 'ஓ' என்னை நாலு நாள் பாடாய்ப் படுத்தியது. அவளை வேறு எங்காவது கொண்டுபோய் வைத்துவிட்டால்? நான் வேலை பார்க்கும் செண்டாயான் ஃபேக்டரியில் ஸ்டிக்கரையெல்லாம் தலைகீழாக ஒட்டி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். வாய்விட்டு ஜெபித்ததைப் போனில் சிஸ்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவரோ, "கார் வரும்" என்றார்.

ஞாயிறு பூசை தொடங்கியும் அவள் வழக்கமாக உட்காரும் கடைசி பெஞ்சு காலி. முதல் வாசகத்தின்போதுதான் முதலாளியம்மா வந்தார். பின்னால் அவள், இடுப்பில் குழந்தை. கூடவே அந்த அக்கா. எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவர், அன்று கடைசி பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தார். பக்கத்து வரிசையிலிருந்த நான், தொலைந்தோம் என்று நினைத்தேன்.

மன்றாட்டுக்கு எல்லாரும் எழுந்தோம். குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தது. பின்வாசலைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். அதை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. ஐயோ, நேரம் போகிறதே என்று தவித்தேன்.

அக்கா பீடத்தைப் பார்த்தபடியே இரண்டு கைகளையும் நீட்டினார்.

"குடு. நீ போ."

அவள் போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் அக்கா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். முன்னால் தங்கை காணிக்கைப் பாட்டைத் தொடங்கியிருந்தார்.

பூசை முடிந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார். "ஜொகூர் சகோதரி போயிட்டா. இனிமே நீ மனசுக்குள்ளயே ஜெபம் பண்ணு லா."

பிறகு தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கையிடம் நடந்தார்.