ஜெயசீலி சிதம்பரத்தில் இருக்கிறாள்

நான் குடியிருக்கும் ஜெர்மன் ஊரில் மதியச் சாப்பாட்டு வேளையில் பியானோ வாசிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே கூடாது. 'ரூஎட்ஸைட்' என்பார்கள், ஓய்வு நேரம். இசைக்காக உலகமே திரும்பிப் பார்க்கும் நாட்டில், இசையே தொழிலாகக் கொண்டவனின் வாசலில் இந்த விதியை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். கடலூரில் ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு காதுகுத்துகூட நடக்காது என்று சொன்னால் இவர்கள் நம்பமாட்டார்கள். போன மாதம் கீழ்வீட்டு அம்மாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "உங்கள் மனைவியிடமிருந்து சத்தமே வருவதில்லை. எவ்வளவு அமைதியான பெண்" என்று பாராட்டினார். ஜெயசீலி இந்த வீட்டை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. "நன்றி" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் சர்ச்சில் ஒரு பழைய பியானோ இருந்தது. கடல் காற்றில் கம்பிகள் துருப்பிடித்து, மழைக்காலத்தில் பாதிக் கட்டைகள் அழுத்தினால் மேலே வராது. அதில்தான் பழகினேன். பிறகு சென்னை, அங்கிருந்து உதவித்தொகையில் ஜெர்மனி. கொஞ்ச காலம் மேடையில் தனியாக வாசித்தேன். அடுத்து ஓர் ஓப்பரா அரங்கில், ஒத்திகையின்போது பாடகர்களுக்குப் பியானோ வாசிக்கும் வேலை. மெல்ல மெல்ல ஒத்திகைகளை நடத்தக் கொடுத்தார்கள், அப்புறம் மேடையில் முன்னால் நின்று கையசைத்து இசைக்குழுவையே நடத்தக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, சிதம்பரத்து சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு வாசிக்கச் சொன்னார்கள். பாடகர் குழுவில் நின்ற ஒரு பெண் பாதியில் பாட்டை நிறுத்தி, "கொஞ்சம் மெதுவா வாசிங்க. நாங்க மூச்சு விடணும்ல" என்றாள். அவள்தான் ஜெயசீலி. மறு வருடம் கல்யாணம் செய்துகொண்டு இங்கே அழைத்து வந்தேன்.

அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது ஒரு குளிர்காலத்தில். உயிர் பிழைத்தாள், இரண்டு காதும் போய்விட்டன. அறுவை செய்து கருவி வைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் உள்காதை எலும்பாக இறுக்கிவிட்டிருந்தது. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஏதோ கேட்கிறது என்றாள், பிறகு அதுவும் வேண்டாமென்று கழற்றி வைத்துவிட்டாள். என் உதட்டைப் பார்த்து நான் பேசுவதைப் புரிந்துகொள்ளப் பழகினாள். வெளியே அது நடக்கவில்லை. கடைக்காரர், மருத்துவர், பக்கத்து வீட்டார் எல்லோரின் வாயிலும் ஜெர்மன். காதால் கேட்டே அரைகுறையாகப் பிடித்திருந்த மொழியை உதட்டில் எப்படிப் படிப்பாள்? பேக்கரியில் கடைப் பெண் கேட்டது புரியாமல் எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டி, வேண்டாத கேக்குகளோடு வந்து நின்றாள். அதற்குப் பிறகு பேக்கரிக்குப் போகவில்லை.

என் கச்சேரிகளுக்கு மட்டும் வந்தாள். என் முகம் தெரியும்படி பக்கவாட்டு மாடத்தில் உட்கார வைப்பேன். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "நீங்க கைய ஆட்டறீங்க. அத்தன பேரும் வில்ல இழுக்கறாங்க. ஒண்ணுமே கேக்கல. எனக்கு பயமா இருக்குது. இனிமே கூப்பிடாதீங்க."

அடுத்த கோடையில் சிதம்பரம் போனோம். அவள் தம்பி சார்லஸ் மேல வீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் போகும் வழியில் பூக்காரியிடம் நின்றவள், திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அது இன்னா சொல்லுச்சு தெரியுமா? உங்களப் பாத்து, வெளிநாட்டுல சோறே போட மாட்டாங்களாங்குது" என்றாள். பூக்காரியின் உதட்டில் தமிழ் இருந்தது. ஆட்டோக்காரர், சர்ச்சுக்கு வரும் அக்காமார், எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்று தெரு முழுக்க அவளால் படிக்க முடிகிற வாய்கள். புறப்படும் வாரத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து, "நான் இங்கயே இருந்துடறனே" என்றாள். கேட்கவில்லை, கெஞ்சினாள்.

நானும் இருக்கப் பார்த்தேன். அரங்கில் நீண்ட விடுப்பு வாங்கிக்கொண்டு சிதம்பரத்தில் வீடு எடுத்தேன், பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தேன். வாசிக்கத் தொடங்கும் முன் ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் அந்த ஒரு கணம், நான் கையைத் தூக்கும் அந்தக் கணம், எங்கே தேடினாலும் அந்த ஊரில் இல்லை. நான் வாய் திறந்து ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மதியம் சாப்பாட்டில் கை வைத்தபடி அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு ஆறிப் போச்சு. அரை மணி நேரமா கைய ஆட்டிக்கிட்டு இருக்கீங்க."

"சும்மா, ஏதோ ஞாபகம்."

"எனக்குப் போனது போச்சு. உங்களுதும் ஏன் போவணும்? போங்க. நான் நல்லாத்தான இருக்கறேன்."

"உன்ன விட்டுட்டா?"

"வருஷா வருஷம் வாங்க. தெனம் போன்ல உங்க முகத்தப் பாக்கறேன். அதுக்கு மேல கேட்டா ஜாஸ்தி."

நாங்கள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் என் தட்டில் சூடாக வேறு சோறு போட்டாள்.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்த பிறகு ஒத்திகை முடிந்த கையோடு தினமும் வீடியோவில் கூப்பிடுவேன். வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து பேசுவேன். முதல் வருடம் எல்லாம் புரிந்தது. பிறகு "இன்னொரு தடவ சொல்லுங்க" என்பது கூடிக்கொண்டே போனது. படம் விட்டுவிட்டு வருவதால் என்று நினைத்துப் புதுப் போன் வாங்கினேன். போன குளிர்காலத்தில் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உங்க வாய் மாறிப் போச்சுங்க. அந்த ஊருக்காரங்க மாதிரி அசையுது. எனக்குப் படிக்கத் தெரியல." கண்ணாடி முன் நின்று அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது அவள் பக்கத்தில் சார்லஸ் உட்காருகிறான். "சொல்லுங்க மாமா" என்பான். நான் பேசுவதை அவன் காதால் கேட்டு, தன் உதட்டில் அவளுக்குத் திருப்பிச் சொல்கிறான். இந்த வாரம் ஒத்திகையில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொன்னேன். கொஞ்சம் தாமதித்து ஜெயசீலி சிரித்தாள், அந்தப் பூக்காரியிடம் சிரித்த அதே சிரிப்பு. என் சொல்தான், ஆனால் அவள் பார்த்துச் சிரித்தது தம்பியின் வாயை. போனுக்குள் என் முகம் அவளை நோக்கி அசைந்துகொண்டிருந்தது.