டெயில் லைட் மூடியில் ஒரு மேடு

மதுக்கரையில் ஒரு வீட்டு வாசலில் நின்ற பழைய காரின் சிவப்பு டெயில் லைட்டைத் தடவினேன். மூடியின் ஓரத்தில் நகத்தளவு மேடு ஒன்று விரலில் இடறியது.

தொண்ணூறுகளில் அப்பாவும் பெரியப்பாவும் கோவையில் எங்கள் கொட்டகையில் பிளாஸ்டிக்கை உருக்கி, கார் கம்பெனி செய்வதை நிறுத்திவிட்ட இந்த மூடிகளை வார்த்தார்கள். தொழிலைப் பிரித்த அன்று, இருந்த ஒரே இரும்பு அச்சு யாருக்கு என்று தகராறு.

"எனக்கில்லாதது உனக்கும் வேண்டாம்டா!"

பெரியப்பா சுத்தியலால் ஓங்கி அடித்ததில் அப்பாவின் காது கிழிந்தது. அப்பா அவருடைய இடக்கையைப் பிடித்துத் தகிக்கும் மெஷினில் அழுத்தினார். தோல் பொசுங்கும் வாடை பிளாஸ்டிக் வாடையை அமுக்கியது.

"ஏனுங்க, கொன்னுபோடாதீங்க!" என்று அம்மா அலறினாள்.

பெரியப்பாவின் அடுத்த அடி அச்சின்மேல் விழுந்தது. அச்சில் விழுந்த பள்ளம், அதன்பின் வார்த்த ஒவ்வொரு மூடியிலும் மேடாக வந்தது. அச்சு அப்பாவிடமே தங்கியது; அதைச் சரிசெய்ய அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

"உங்க பெரியப்பன் அடிச்சது அப்படியே இருக்கட்டும் அம்மணி."

காரின் சொந்தக்காரர் என் விரலைப் பார்த்துவிட்டுப் பெருமையாகச் சிரித்தார்.

"ஒரிஜினலுங்க. அந்த மேடுதான் கம்பெனி அடையாளம்."

"தெரியுமுங்க," என்றேன். "அதைப் போட்டது எங்க பெரியப்பாதானுங்க."