தோள்வலி நின்ற நாட்கள்

சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. எத்தனை பேர் தேய்த்தாலும் அவள் மேசையில்தான் துணி முதலில் தீரும். கையைப் போலவே வாயும் ஓயாது. "என் புருஷனைத் தவிர எதையும் நேராக்கிடுவேன்" என்பாள். வேன் ஓட்டும் அந்தப் புருஷனும் சேர்ந்து சிரிப்பார்.

போன வருஷம் நெஞ்சு படபடவென்று அடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வந்துவிடும் என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. "எங்களைக் கேக்காம வலி மாத்திரை எதுவும் போடாதீங்க" என்றும் சொன்னார். அன்றைக்குச் சொன்ன எத்தனையோ விஷயங்களில் உப்பைக் குறைக்கச் சொன்னது மனசில் நின்றது, இது நிற்கவில்லை.

இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டித் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்து மேசையில் துணி மடிக்கும் நாத்தனார் பொறுக்கமாட்டாமல் தன் பையிலிருந்து ஒரு அட்டை மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணி. என் முட்டிக்கு நான் போடறதுதான். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

வலி போன இடம் தெரியவில்லை. அட்டை தீர்ந்ததும் அதைக் காட்டியே மருந்துக்கடையில் வாங்கினாள். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். வலிக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இல்லீங்க" என்றாள். பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

தொடையில் மேசை விளிம்பு இடித்த இடம் ஊதா நிறத்தில் கன்றி, நாளுக்கு நாள் அகலமானது. "வெளிய காட்டிடாதே, என்னையில்ல பிடிச்சிட்டுப் போவாங்க" என்றார் புருஷன். இருவரும் சிரித்தார்கள். பல் தேய்த்தால் எச்சில் சிவந்தது, பிரஷ்ஷை மாற்றினாள். பிறகு மலம் தார் மாதிரிக் கறுத்துப் பிசுபிசுத்தது. நாற்றமே வேறு. இதைப் போய் யாரிடம் சொல்வது? தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிட்டாள்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கூடத்தில் அவள் பேச்சும் குறைந்துபோனது. தோள் மட்டும் வலிக்கவேயில்லை. வயிறு எரிந்தபோது, அதற்கும் அதே மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

அன்று மதியம், தேய்த்துக்கொண்டிருந்த வெள்ளை விரிப்பில் ஒரு சொட்டு விழுந்தது. பெட்டிதான் துருவைக் கக்கிவிட்டதோ என்று தூக்கிப் பார்த்தாள். அடுத்த சொட்டு புறங்கையில் விழுந்தது. மூக்கிலிருந்து வருகிறது. துண்டை வைத்து அழுத்தியும் நிற்கவில்லை. தொட்டிப் பக்கம் போனவள் குனிந்து வாந்தி எடுத்தாள். காப்பித்தூளைக் கரைத்தது போல வந்தது. கால் துவண்டு விழப்போனவளை நாத்தனார் ஓடிவந்து தாங்கினாள்.

ஆஸ்பத்திரியில் புருஷன் நீட்டிய இதய மாத்திரையைப் பார்த்ததுமே டாக்டரம்மா முகம் மாறியது. "வலிக்கு ஏதாவது போட்டாங்களா?"

நாத்தனார் பையைத் திறந்தாள். அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதுதான் டாக்டர். நானும் தினம் போடறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"உங்களுக்கும் இது நல்லதில்லைம்மா. வயித்தைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணு கசிய ஆரம்பிச்சா, இவங்க சாப்பிடற இதய மாத்திரை ரத்தத்தை நிக்க விடாது. ரெண்டும் சேர்ந்தா உயிருக்கே ஆபத்து."

பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். வாய்வழியே குழாய் விட்டுப் புண்ணை அடைத்தார்கள். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த புருஷனுக்கு, அந்தக் கன்றலைப் பார்த்துத் தான் சிரித்ததுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பிழைத்துக்கொண்டாள். நாத்தனார் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே போய்விடுவாள். "நீ நல்லதுக்குத்தானே குடுத்தே" என்று இவள் சொன்னபோதுதான் நாத்தனார் அழுதாள்.

கொஞ்ச நாள் கழித்து இதய மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்கள்.

"அது வேண்டாமே டாக்டர். பயமா இருக்கு."

"விட்டா பக்கவாதம் வந்துடும்மா. வலிக்கு வேற வழி பாக்கலாம். கறுப்பாப் போனா அன்னைக்கே வந்துடணும்."

தோள்வலி திரும்பி வந்துவிட்டது. இப்போது மடிக்கும் மேசையில்தான் வேலை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இதய மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். "முழுங்கும்மா" என்பார் புருஷன், தண்ணீரை நகர்த்தி வைத்தபடி. கண்ணை மூடிக்கொண்டு முழுங்குவாள்.