கஞ்சி மியெனின் அக்கா

வியட்நாமியப் புத்தாண்டான தெத் பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது லொவான் ஊர் வந்து சேர்ந்தாள். ஹூஸ்டனிலிருந்து ஒரு நாள் முழுக்கப் பறந்து, சைகோனிலிருந்து வாடகைக் காரில் வந்து, கால்வாய்ப் பாலத்தருகே இறங்கி, ஆறு அட்டைப் பெட்டிகளையும் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா வலை ஊஞ்சலில் படுத்திருந்தாள். நான்கு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறாள். லொவான் ஓடிப்போய்க் காலடியில் உட்கார்ந்தாள். அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். பிறகு அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

"வந்துட்டியா, வா வா. இளைச்சுப் போயிட்டியே. ஆமா, மியென் எங்க போயிட்டா? மாத்திரை குடுக்கிற நேரமாச்சே."

"நான் குடுக்கிறேம்மா."

"உனக்குத் தெரியாது. அவ வரட்டும்."

வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. லொவானுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

மியென் அவளுடைய தங்கை. எட்டு வயது இளையவள். லொவான் தன் இருபதாவது வயதில் பெரியப்பா குடும்பத்தோடு அமெரிக்கா போனபோது மியென் பாவாடை நனைய இறால் பிடித்துக்கொண்டிருந்த சின்னப் பெண். அதற்கப்புறம் முப்பத்தைந்து வருடம் லொவான் அங்கே நகம் திருத்தும் கடையில் அடுத்தவர் கால்மாட்டில் குனிந்து உட்கார்ந்தாள். கல்யாணம் ஆனது, முறிந்தது. மகன் வேறு மாநிலத்தில் இருக்கிறான். கூரை வீடு ஓட்டு வீடானதும், ஓட்டு வீடு மாடி வீடானதும், அம்மாவின் கண் அறுவையும் பல்வரிசையும் அவள் கை உழைப்பில் வந்தவை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பியிருந்தாள்.

இந்த முறை அவள் தனக்காக மட்டும் வரவில்லை. ஹூஸ்டனில் அவள் போகும் புத்தர் கோவிலின் தோழிகள் சேர்ந்து, பண்டிகைக்கு முன்னால் ஊரில் நூற்றைம்பது ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி மூட்டையும் எண்ணெயும் கம்பளியும் கொடுப்பது என்று முடிவு செய்து, பொறுப்பை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒரு வருடமாக அதே நினைப்பு. மஞ்சள் எழுத்தில் தன் பெயர் போட்ட சிவப்புத் துணிப் பதாகையை அங்கேயே அச்சடித்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

நான்காம் நாள் காலை, ஊராட்சி அலுவலகத்து முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். ஒலிபெருக்கி கட்டினார்கள். லொவான் ஊதாநிறப் பட்டில் அவ்-ஸாய் என்ற நீள அங்கியை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். பேச வந்தவர் ஊர்க்காரர்தான், நல்ல மனிதர். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு இந்த உதவிய நமக்காகக் கொண்டு வந்திருக்கிறது யாருன்னா, வேற யாரும் இல்ல, நம்ம கஞ்சி மியெனோட அக்கா!"

முற்றமே கைதட்டியது. கடைசி வரிசையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மியென் வெட்கப்பட்டு, தலையில் இருந்த கூம்புத் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். ஜனங்கள் அவளைத் திரும்பிப் பார்த்துத்தான் தட்டினார்கள்.

கஞ்சி மியென். இந்தப் பெயரை லொவான் போனில் கேட்டிருக்கிறாள், பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மியெனின் கணவன் சாங்குக்கு வயிற்றில் பெரிய அறுவை நடந்தது. நாற்பது நாள் நகரத்து ஆஸ்பத்திரி நடைவழியில் பாய் விரித்துக் கிடந்தார்கள். அங்கே யாரோ தினமும் இலவசமாக ஊற்றிய கஞ்சிதான் இருவரையும் பிழைக்க வைத்தது. ஊர் திரும்பியதும் மியென், வட்டார ஆஸ்பத்திரி வாசலில் தானும் ஒரு பானை வைத்தாள். காய்கறி விற்றுக்கொண்டே விடியற்காலையில் கஞ்சி. சந்தைப் பெண்கள் ஆளுக்கு ஒரு கை அரிசி, பாசிப்பயறு, வெங்காயத்தாள் போடுவார்கள். பதாகை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. மழைக்கும் நின்றதில்லை.

மூட்டை வாங்க வந்த கிழவி ஒருத்தி லொவானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நல்லா இரும்மா. உன் தங்கச்சி மாதிரியே உனக்கும் நல்ல மனசு."

உனக்கும். லொவான் சிரித்த முகத்தோடு கும்பிட்டாள். புகைப்படக்காரர் படம் எடுத்தார். ஆனால் அந்த 'உனக்கும்' மீன்முள் மாதிரி தொண்டையில் சிக்கி நின்றது. கடல் தாண்டி வந்தவள் நான். ஒரு வருடம் ஓடியாடிச் சேர்த்தவள் நான். கடைசியில் நான் இவளுக்கு அக்காவா? இவளல்லவா எனக்குத் தங்கை!

அன்று மாலை அடுத்த அடி விழுந்தது. அம்மாவுக்குப் பிடிக்கும் என்று லொவானே சந்தைக்குப் போய் விரால் வாங்கி, மண்சட்டியில் மிளகும் மீன்சாறும் வெல்லப்பாகும் விட்டுச் சுண்டவைத்தாள். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, சோற்றோடு பிசைந்து ஊட்டப் போனாள். அம்மா ஒரு வாய் வாங்கிக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"முள்ளு குத்துது."

"முள்ளே இல்லம்மா, பாத்துப் பாத்து எடுத்திருக்கேன்."

"இருக்கு. வேணாம் போ."

மியென் பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அதே கிண்ணம், அதே மீன். "எங்க ஆ காட்டு, கிழவி" என்றாள். அம்மா குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகும் வரை முள்ளைப் பற்றிப் பேச்சே இல்லை.

லொவான் எழுந்து கால்வாய்ப் படித்துறைக்குப் போய்விட்டாள். அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. சின்ன வயதில் இந்தத் தங்கையை இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்தவள் அவள். இப்போது மியெனுடைய தடித்த கையையும் வெயிலில் கறுத்த கழுத்தையும் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு வங்கிக் கணக்கு இல்லை, கடவுச்சீட்டு இல்லை, ஒரு நல்ல செருப்புகூட இல்லை. ஆனால் லொவான் காசு கொடுத்தும் வாங்க முடியாததெல்லாம் அவளிடம் இருந்தது.

மறுநாள் லொவான் யாரிடமும் சொல்லாமல் சந்தை முனை ரொட்டிக்கடைக்குப் போனாள். பன்றி இறைச்சியும் ஊறவைத்த முள்ளங்கியும் வைத்து முந்நூறு பான் மீ ரொட்டி வேண்டும் என்றாள். நாளை விடிகாலை, ஆஸ்பத்திரி வாசல். கடைக்காரிக்கு ஒரே சந்தோஷம். "மியென் அக்காவோட சேர்ந்து குடுக்கிறீங்களா?" என்று கேட்டாள். "இல்ல, நான் தனியா" என்றாள் லொவான்.

விடிகாலையில் சாங் மூன்றுசக்கர வண்டியில் கஞ்சிப் பானையைக் கொண்டுவந்து வழக்கமான வேப்பிலை நிற மதிலோரம் நிறுத்தியபோது, பத்தடி தள்ளி மேசை போட்டு, சிவப்புப் பதாகை கட்டி, ரொட்டிக் கூடைகளை அடுக்கியிருந்தாள் லொவான். சாங் கண்ணைக் கசக்கிப் பார்த்தான்.

"அட, அமெரிக்க அண்ணி! என்ன இது, நம்ம கடைக்கு எதிர்க்கடையா?" என்று சிரித்தான். மியென் சிரிக்கவில்லை. பதாகையை ஒருமுறை பார்த்துவிட்டு அகப்பையை எடுத்தாள்.

கூட்டம் முழுக்க ரொட்டிப் பக்கம் சாய்ந்தது. சூடான ரொட்டி, மொறுமொறு வாசனை, பண்டிகை நேரம், யார்தான் விடுவார்கள்? மியெனின் பானைக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. லொவான் இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். ஓரக்கண்ணால் பானையைப் பார்த்துக்கொண்டே நீட்டினாள். பல நாளுக்குப் பிறகு மனசு குளிர்ந்தது.

அது கால் மணி நேரம்தான். ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஒவ்வொருவராகத் தூக்குப் பாத்திரத்தோடு பானைப் பக்கம் திரும்பினார்கள்.

"ரொட்டி பிரமாதம்மா" என்றார் ஒரு பெரியவர் லொவானிடம். "எனக்கு சரி. உள்ள படுத்திருக்கிறவளுக்கு இதெல்லாம் இறங்காது. அவளுக்குக் கஞ்சிதான்."

படுத்திருப்பவர்கள் ரொட்டி மெல்ல மாட்டார்கள் என்பது லொவானுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. ஆனாலும் கூட வந்தவர்களின் வயிறு ரொட்டியிலேயே நிறைந்துவிட்டதால், அன்று பானையில் பாதிக்கு மேல் மீந்துபோனது. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை. மியென் அதைத் தூக்கிப்போய் மதகுக்கு அந்தப் பக்கம் வாத்துக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டுப் பின்கட்டில் பானையைத் தேய்க்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. நாளைக்கும் ரொட்டி குடுக்கப் போறியா?"

"ஏன் கேக்குற?"

"குடுக்கிறதா இருந்தா நான் அரிசி ஊறப்போடல. நாளன்னிக்கும் குடுப்பியா? அடுத்த மாசம்? நீ பண்டிகை முடிஞ்ச அஞ்சாம் நாள் ஏறிப் போயிடுவ. அவங்க இங்கதான் படுத்திருப்பாங்க."

"நான் நல்லதுதானே செஞ்சேன்? ஊர்ல நல்லது செய்யிற உரிமை உனக்கு மட்டும்தான் எழுதி வச்சிருக்கா?"

"நல்லதுதான். ஆனா நீ எனக்குச் சொல்லாம செஞ்ச பாரு, அது நல்லதுக்கு இல்ல."

லொவான் வெடித்துவிட்டாள். "ஆமா, உனக்காகத்தான் செஞ்சேன்! உன்னைத் தோற்கடிக்கணும்னுதான் செஞ்சேன். போதுமா? இந்த ஊர்ல நான் யாரு? கஞ்சி மியெனோட அக்கா. இந்த வீட்ல நான் யாரு? விருந்தாளி. என் கையால ஒரு வாய் சோறு அம்மாவுக்கு இறங்கல. முப்பத்தஞ்சு வருஷம் அங்க கால் கழுவினேன்டி, யாருக்காக?"

மியென் தேங்காய் நாரைக் கீழே போட்டாள். எழுந்து ஈரக்கையோடு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப்போனாள். கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டினாள். அதற்குள் முழுக்க லொவான். கடை திறப்பு விழாவில் லொவான், பனியில் லொவான், மகன் பட்டமளிப்பில் லொவான்.

"எண்ணிப் பாரு" என்றாள் மியென். "இதுல என் போட்டோ எங்க இருக்கு? என் கல்யாணப் போட்டோவைக்கூட எடுத்துட்டு அம்மா உன் போட்டோவைத்தான் வச்சா. வர்றவங்ககிட்ட எல்லாம் இந்தக் கதவைத் திறந்து, என் பொண்ணு என் பொண்ணும்பா. நான் பக்கத்துல நின்னு தேத்தண்ணி ஊத்துவேன். யாரும்மா இதுன்னு ஒருத்தர் கேட்டாரு. அதுக்கு அம்மா, இதுவா, இது சின்னது, இங்கயேதான் கிடக்குதுன்னா. உனக்கு ஒரு வாய் மீன் இறங்கலன்னு எரியுது. எனக்கு எத்தனை வருஷமா எரிஞ்சிருக்கும்?"

அவள் குரல் உடைந்தது. மூக்கைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி பானைக்குப் போய்விட்டாள்.

லொவான் அலமாரி முன்னால் நின்றாள். தங்கையின் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, கொஞ்சம் தாமதமாக. முதலில் வந்தது வேறு. என்னையும் ஒருத்தி பார்த்துப் புழுங்கியிருக்கிறாள், அம்மா என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று ஒரு தித்திப்பு நாக்கில் ஊறியது. அதை உணர்ந்ததும் அவளுக்கே கூசியது. அலமாரியைச் சாத்தப் போனவள், தன் மகனின் பட்டமளிப்புப் படம் இருந்த சட்டத்தை மட்டும் வெளியே எடுத்து, அதன் பின்னால் ஓரம் தெரியச் செருகியிருந்த மியெனின் கல்யாணப் படத்தை உருவி முன்னால் வைத்தாள். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் விடியுமுன் அடுக்களையில் சத்தம் கேட்டு மியென் வந்தபோது, அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பயறு முதல்ல போடு, அப்புறம்தான் அரிசி" என்று மட்டும் மியென் சொன்னாள். லொவான் விடாமல் துழாவவில்லை, அடிப்பிடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் வரிசையின் முதல் ஆளே பாத்திரத்தை மோந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு மியென் ஆக்கலையா?" என்றார். சாங் விழுந்து விழுந்து சிரித்தான். லொவானுக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் அகப்பையை விடவில்லை.

மீதி நாட்களிலும் தினமும் போனாள். பண்டிகையன்று காலையில்கூட, வாழையிலையில் கட்டி வேகவைத்த பசையரிசிக் கட்டிகளை வெட்டிக் கஞ்சியோடு கொடுத்தார்கள். யாருக்கு உப்பு கூடாது, எந்தப் பாத்திரத்துக்கு இரண்டு அகப்பை என்பதெல்லாம் அவளுக்கும் கொஞ்சம் பிடிபட்டது. மியெனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் அவளை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மா மட்டும் மாறவில்லை. கிளம்பும் நாளிலும் மாத்திரையை மியென் கையிலிருந்துதான் வாங்கினாள். லொவான் அதைப் பார்க்காமல் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஹூஸ்டன் கடையில், சாயங்காலம் வாடிக்கையாளர் குறையும் நேரத்தில், அவள் போனை நகப்பூச்சுப் புட்டிகளுக்கு நடுவே சாய்த்து வைத்துவிடுவாள். அங்கே அப்போது விடியல். சாங் வண்டியின் கைப்பிடியில் போனைக் கட்டிவிடுவான். பானையும் ஆவியும் மதிலும் தெரியும். லொவான் வாடிக்கையாளரின் விரலை அராவிக்கொண்டே, "வெங்காயத்தாள் கம்மியா இருக்கே", "அந்த நீலச் சட்டைக்காரருக்கு உப்பில்லாதது" என்று இங்கிருந்தே சொல்வாள். மியென் திரும்பிக்கூடப் பார்க்காமல் "தெரியும் தெரியும்" என்பாள்.

போன வாரம் ஒரு நாள் பானைக்கு அந்தப் பக்கம், தான் நின்ற அதே இடத்தில், யாரோ ஒரு பெண் நின்று வெகு லாவகமாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். மியென் அவளிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள். லொவானின் கை நின்றுவிட்டது.

"மியென், யாருடி அவ?"

"சந்தையில மீன் விக்கிறவ. உதவிக்கு வந்திருக்கா. நல்லா ஊத்துறா இல்ல?"

"ம்" என்றாள் லொவான். "சிந்துறா."