சகாயமேரி காட்டிய லென்ஸ்

மூன்று முறை தேதி வாங்கி, மூன்று முறையும் கண் ஆபரேஷனுக்குப் போகாமல் டிமிக்கி கொடுத்தவன் நான். வலது கண்ணில் புரை. காரணமா? உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்... பயம்தான்!

தர்மபுரி கண் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "கார்னியா நல்லா இருக்கு. ரெட்டினாவும் ஓகே. லென்ஸ்தான் மங்கியிருக்கு. மாத்திட்டா சரியாயிடும். புரியுதா சார்?"

"நல்லாப் புரியுது டாக்டர்" என்றேன். ஒரு மண்ணும் புரியவில்லை. வாராவாரம் பத்திரிகையில் எழுதி ஊருக்கே விளக்கம் சொல்கிறவன் — லென்ஸ் கண்ணுக்குள் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கேட்பது? கண்ணை முழுசாக வெளியே எடுத்து, துடைத்து, திரும்ப வைப்பார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். உங்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்!

இதற்கிடையில், போன மாதம் ஒகேனக்கல் போயிருந்தேன். அங்கே மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். எனக்கு எப்போதும் சகாயமேரியின் சமையல்தான். ஏரியூர்ப் பக்கத்துக்காரர், கணவர் பரிசல் ஓட்டுகிறார். முள் எது, சதை எது என்று தெரியாமல் தட்டில் நான் தடவுவதைப் பார்த்துவிட்டார்.

"கண்ணுல புரைங்களா சார்?"

"ஆமாங்க. ஆபரேஷன்னா பயமா இருக்கு. கண்ணையே வெளிய எடுத்துருவாங்களாமே..."

"அய்யோ, யாருங்க சொன்னது? எங்க வூட்டுக்காரருக்கும் புரைதானுங்க. பாறை தெரியாம பரிசல் ஓட்ட முடியுங்களா? ஆறு மாசம் வூட்டுலயே உக்காந்துட்டாரு. டாக்டரு லென்ஸுன்னாங்க. 'புரியலீங்க, படம் போட்டுக் காட்டுங்க'ன்னேன். மூணு வாட்டி கேட்டேன். படத்தைப் பார்த்ததும், 'அட, மீன் கண்ணுல இருக்கற முத்துங்களா இது'ன்னேன். டாக்டரே 'அதேதாம்மா'ன்னுட்டாங்க!"

பேசிக்கொண்டே, கழுவி வைத்திருந்த பச்சை மீன் தலையில் கத்தி முனையை விட்டார். உள்ளங்கையில் கண்ணாடி போல ஒரு சின்ன உருண்டை. என் தட்டில் இருந்த வறுத்த தலையிலிருந்து இன்னொன்று — சுண்ணாம்பு வெள்ளை.

"மேல கருவிழி, அதுக்கு நடுவுல கண்ணு பாப்பா. பாப்பாவுக்குப் பின்னால இந்த லென்ஸு. நம்மளுது கொஞ்சம் தட்டையா இருக்குமாம். கடைசியா பின்பக்கம் ரெட்டினா — சினிமா கொட்டாயில திரையாட்டம். மீனுக்கு சூட்டுல வெளுக்குது, நமக்கு வயசுல வெளுக்குது. வெளுத்ததை மட்டும் எடுத்துப்போட்டு புதுசு வெக்கறாங்க. கண்ணு அங்கயேதானுங்க இருக்கும்!"

என்னமாய்ச் சொல்லிவிட்டார்! கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அந்த மீன் விளக்கத்துக்காக மட்டும் இல்லை. டாக்டர் முன்னால் உட்கார்ந்து, மூன்று முறை "புரியலீங்க" என்று சொன்னாரே... அந்தத் தைரியத்துக்கு! சொல்லி முடித்துவிட்டு, தூரத்தில் பாறைகளுக்கு நடுவே சுற்றிவரும் ஒரு பரிசலைக் காட்டினார். ஓட்டுகிறவர் அவர் கணவர்.

நான்காவது தேதிக்கு நானே முதல் ஆளாகப் போய் நின்றேன். சந்தேகங்களை எல்லாம் கேட்டேன், கண்ணை வெளியே எடுக்கிற சந்தேகம் உட்பட. டாக்டர் சிரிக்கவே இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் கட்டுப் பிரித்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாற்காலியில், பாக்கெட்டில் இரண்டு பேனா குத்திய ஒரு பெரிய மனிதர். "லென்ஸ் மாத்தணும். புரியுதா சார்?" என்றார் அவரிடம் வந்த டாக்டர்.

"நல்லாப் புரியுது டாக்டர்!" — படபடவென்று தலையாட்டினார். கையிலிருந்த மருந்துச் சீட்டை அவர் தலைகீழாகப் பிடித்திருப்பது என் வலது கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

டாக்டர் நகர்ந்ததும், நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"சார்... நீங்க மீன் சாப்பிடுவீங்களா?"